கலப்பில் பிறந்த சமையலுக்குக் கலப்பு தீட்டா?

டேஸ்டிங் மெனு என்பது விருந்தினர் தாமாக எதையும் தேர்ந்தெடுக்காமல், சமையற்கலைஞர் வகுத்த வரிசைப்படி ஏழு முதல் இருபதுக்கும் மேற்பட்ட சிறு பதார்த்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக உண்ணும் முறை. இந்தியச் சுவைகளைப் பிறநாட்டு நுட்பங்களோடும் பொருள்களோடும் கலந்து இம்முறையில் பரிமாறும் உணவகங்கள் ஏறத்தாழ கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகியுள்ளன. டெல்லியில் 2009இல் தொடங்கிய இந்தியன் ஆக்சென்ட், கொல்கத்தாவில் பிறந்த ககன் ஆனந்த் 2010 இறுதியில் பாங்காக்கில் திறந்த ககன், மும்பையில் 2016இல் வந்த மாஸ்க், சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017இல் தொடங்கிய அவர்த்தனா ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. ககன் 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. துபாயின் ட்ரெசிண்ட் ஸ்டுடியோ 2025இல் மூன்று மிச்செலின் நட்சத்திரங்களைப் பெற்றது. அத்தகுதியை எட்டிய முதல் இந்திய உணவகம் அதுவே.

இந்தப் புகழ் ஒருபுறம் இருக்க, சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் எதிரான தீர்ப்பு ஒன்று நிலைபெற்றுவிட்டது. இது இந்திய உணவே அல்ல என்பது அந்தத் தீர்ப்பு. அதற்கு ஐந்து காரணங்கள் சொல்லப்படுகின்றன. கலப்பு மரபைக் கெடுக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது மேலைநாட்டு வழக்கம். நுரையும் புகையும் உருண்டையும் ரசாயன வித்தைகள். அளவு கொஞ்சம், விலை கொள்ளை. எல்லாமே வெளிநாட்டார் மெச்சுவதற்காகச் செய்யப்படுபவை. இவற்றுள் முதல் மூன்றும் வரலாற்றின் முன்னும் அடுப்படியின் முன்னும் நிற்காதவை. நான்காவதில் பாதி உண்மை உண்டு. ஐந்தாவது காலாவதியாகிவிட்டது.

கலப்பைக் குறை சொல்பவர்கள், அதற்கு முன்னால் தூய இந்தியச் சமையல் ஒன்று இருந்ததாக நம்புகிறார்கள். அதைத் தேடிப் பின்னோக்கிப் போனால் கால் ஊன்ற இடம் கிடைப்பதில்லை. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, முந்திரி, நிலக்கடலை, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, அன்னாசி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகுதான் இவை ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி வந்து இங்கே வேர்பிடித்தன. 1500ஐ ஒட்டி மாளவ சுல்தானின் அரண்மனையில் எழுதப்பட்ட நிமத்நாமா என்ற சமையல் நூலில் சமோசா இருக்கிறது, மிளகாய் இல்லை. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரனின் 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசத்தில் இட்லியின் முன்னோடி ஒன்று வருகிறது. அது உளுந்தில் மட்டும் செய்யப்பட்டது, அரிசி சேர்க்கப்படவில்லை. மரபின் சின்னமாகக் காட்டப்படும் மசாலா தோசையிலிருந்து கிழங்கையும் மிளகாயையும் எடுத்துவிட்டால் வெறும் தோசைதான் கையில் மிஞ்சும்.

உணவகங்களின் மரபு இன்னும் இளையது. பட்டர் சிக்கன் என்ற பெயரில் உலகம் அறிந்த பண்டம், பிரிவினைக்குப் பிறகு பெஷாவரிலிருந்து டெல்லி தரியாகஞ்சுக்கு வந்து கடை போட்டவர்களின் கைவரிசை. அதைக் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டை 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கோவாவின் விந்தாலு, ஒயினிலும் பூண்டிலும் ஊறிய போர்த்துகீசியப் பன்றிக் கறி இங்கு வந்து மிளகாயோடு சேர்ந்ததன் விளைவு. மும்பையின் வடாபாவில் போர்த்துகீசியர் கொண்டுவந்த ரொட்டிக்குள் அமெரிக்கக் கிழங்கு கடலைமாவு உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சீன வம்சாவளிச் சமையல்காரர் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயோடு சோயா சாஸையும் சோள மாவையும் சேர்த்துச் செய்த சிக்கன் மஞ்சூரியன், சில பத்தாண்டுகளில் கோபி மஞ்சூரியனாக மாறித் தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்தி வரை வந்துவிட்டது. அதைத் தயக்கமின்றி இலையில் வாங்கிக்கொள்பவர், இந்தியன் ஆக்சென்டின் நீலப் பாலாடைக்கட்டி வைத்த நானைக் கண்டு மரபு போயிற்று என்று முகம் சுளிப்பதில் நியாயம் இல்லை. நானுக்குள்ளும் குல்ச்சாவுக்குள்ளும் எதையாவது வைத்துச் சுடுவது வட இந்திய அடுப்புகளுக்குப் புதிதும் அல்ல.

பழைய கலப்பு பல தலைமுறைகளில் தானாக நடந்தது, இன்றையது ஒருவர் உட்கார்ந்து திட்டமிடுவது என்று இதற்கு மறுமொழி சொல்லப்படுகிறது. மஞ்சூரியனே அதற்குப் பதில். அது ஒரு மனிதர் ஒரு சமையலறையில் திட்டமிட்டுச் செய்தது. ரவா இட்லியும் அத்தகையதே. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் அதை உருவாக்கியதாகப் பெங்களூர் எம்.டி.ஆர். உணவகம் உரிமை கொண்டாடுகிறது. எந்தப் பண்டத்தையும் முதலில் யாரோ ஒருவர்தான் செய்து பார்க்கிறார். மக்கள் நாக்கு அதை வைத்துக்கொள்கிறது, அல்லது தள்ளிவிடுகிறது. தலைமுறைகள் செய்வது இந்த வடிகட்டல் வேலையைத்தான். பரிசோதனையையே தடுத்துவிட்டால் வடிகட்ட ஒன்றும் இராது.

இந்தியன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டில் வைத்துக் கலந்து உண்பவன், வரிசை என்பது வெள்ளையர் பழக்கம் என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. தாலி என்ற ஒரே வடிவத்தை முழு நாட்டுக்கும் பொதுவாக்குவதால் வரும் பிழை இது. வங்காளத்தில் கசப்பான சுக்தோ முதலில் வரும். பிறகு பருப்பும் பொரியலும், காய்கறி, மீன், இறைச்சி, இனிப்புச் சட்னியும் அப்பளமும், முடிவில் இனிப்புத் தயிரும் பலகாரமும். இந்த வரிசை மாறினால் விருந்து குலைந்ததாகவே கருதுவார்கள். காஷ்மீரின் வாஸ்வான் விருந்தில் நால்வர் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி அமர, தலைமைச் சமையல்காரர் வகுத்தபடி இறைச்சி வகைகள் அடுத்தடுத்து வந்து, தயிர்க் குழம்பில் மிதக்கும் குஷ்தாபா என்ற இறைச்சி உருண்டையோடு முடியும். பார்சி கல்யாண விருந்து வாழையிலையில் சுற்றுச் சுற்றாகப் பரிமாறப்படுவது; இலையில் சுற்றிய மீன், கோழி, புலாவு என்று போய்க் கஸ்டர்டில் முடியும் அதில் ஈரானும் குஜராத்தும் இங்கிலாந்தும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டு இலையிலும் கறிவகைகள் முன்னதாக வந்தாலும் சோறு பருப்புக்கு, சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று முறை வைத்தே விழுகிறது. இனிப்பை முதலிலும், புளிப்பையும் உப்பையும் நடுவிலும், மற்றச் சுவைகளைப் பின்னரும் உண்ண வேண்டும் என்று சுஸ்ருத சம்ஹிதை விதித்திருக்கிறது. விருந்தினருக்குத் தேர்வுரிமை இல்லை என்ற மனக்குறையும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. கல்யாண வீட்டில் எவரும் மெனு கார்டு கேட்பதில்லை.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது ஐரோப்பாவின் தொன்றுதொட்ட வழக்கம் அல்ல. 19ஆம் நூற்றாண்டு வரை பிரெஞ்சுப் பிரபுக்களின் மேசையில் பல பதார்த்தங்கள் ஒருசேரப் பரப்பப்பட்டன. அதை மெல்ல மெல்ல இடம்பெயர்த்து வந்தது ரஷ்யப் பரிமாறல் என்று அழைக்கப்பட்ட முறை. சிறு தட்டுகளின் நீண்ட வரிசையாகிய இன்றைய டேஸ்டிங் மெனு, 1970களின் பிரெஞ்சுப் புதுச்சமையல் ஜப்பானின் கைசெகி விருந்திடம் கற்ற பாடங்களையும் உள்ளடக்கியது. மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கப்படும் வடிவமே ரஷ்யாவிடமும் ஜப்பானிடமும் கடன் வாங்கியது.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் அதிகம் கேட்பது, அதிகம் ஆராயப்படாததும் அதுதான். ககன் உணவகத்தைப் பேசவைத்த பதார்த்தம், கரண்டியில் வரும் தயிர் உருண்டை. வாயில் வைத்ததும் மெல்லிய தோல் உடைந்து மசாலாத் தயிர் பீறிடும். ஸ்பெயினின் எல்புல்லி உணவகம் புகழ்பெறச் செய்த நுட்பம் இது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சோடியம் ஆல்ஜினேட்டைக் கரைத்த நீரில், கால்சியம் உள்ள திரவத்தை விட்டால், தொடும் இடத்தில் ஒரு படலம் உருவாகிறது. தயிரில் கால்சியம் இருப்பதால் அதற்கு இம்முறை ஏற்றது. இதைச் சமையலறைக்குள் புகுந்த ரசாயனம் என்பவர்கள் ஆக்ராவின் பேட்டா இனிப்பை மறந்துவிடுகிறார்கள். வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால், கால்சியம் காயிலுள்ள பெக்டினைப் பிணைத்து இறுக்குகிறது. பாகில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் துண்டு குழைவதில்லை. ஆல்ஜினேட்டைக் கால்சியம் பிணைப்பதும் இதே பாணியில்தான். ரமலான் மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலில் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசியும் கடலில் விளைந்த பொருளின் இறுகும் குணத்தைப் பயன்படுத்துவதே. அந்தத் தயிர் உருண்டை தரும் அனுபவமும் இந்தியாவுக்கு அந்நியம் அல்ல. வாய் நிறைய ஒரே கவளமாகப் போட்டுக்கொண்டு, உடைந்ததும் உள்ளிருக்கும் புளிப்பும் காரமும் பாய்வதை ரசிப்பது பானிபூரியும் தஹிபூரியும் தெருவோரத்தில் பழக்கிய இன்பம்.

நுரையும் அப்படியே. டெல்லி, லக்னோ, வாரணாசி நகரங்களில் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு பண்டம் உண்டு. பாலை இரவுப் பனியில் வைத்து, விடியுமுன் கடைந்து, எழும் நுரையை மட்டும் வழித்தெடுத்து, குங்குமப்பூ தூவி விற்பார்கள். டெல்லியில் தௌலத் கி சாட், வாரணாசியில் மலையோ என்று அதற்குப் பெயர். இந்தியன் ஆக்சென்ட் அதைத் தன் மெனுவில் சேர்த்தபோது ஐரோப்பிய நுரை எதையும் இறக்குமதி செய்யவில்லை. கண்ணாடி மூடியைத் திறந்ததும் எழும் புகை, கனலும் கரித்துண்டில் நெய்யை விட்டுப் பாத்திரத்தை மூடும் துங்காரின் இன்னொரு உருவம். அவர்த்தனாவில் மார்ட்டினி கோப்பையில் வரும் தெளிந்த தக்காளி ரசத்துக்கு முன்மாதிரி, மண்டி அடங்கியபின் மேலாக எடுத்துக் குடிக்கத் தரும் வீட்டு ரசத்தின் தெளிவு. கருவிகள் மாறியிருக்கின்றன. சமையற்காரர் தேடும் தன்மைகள் பழையவை.

நான்காவது குற்றச்சாட்டில் அளவையும் விலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தட்டு பெரிதாகவும் பதார்த்தம் சிறிதாகவும் இருப்பதால் பட்டினியோடு எழ நேரும் என்பது கேலிச்சித்திரங்களுக்கு உதவும்; கணக்குக்கு உதவாது. ஒரு சுற்று 40 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 13 சுற்றுகளில் அரைக் கிலோவைத் தாண்டும். இந்திய மெனுக்களில் இனிப்புக்கு முன் சோறோ ரொட்டியோ குழம்போடு வரும் நிறைவான சுற்று ஒன்றும் பெரும்பாலும் உண்டு. சிறு அளவுக்கு உடலியல் காரணமும் இருக்கிறது. ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மேல் உள்ள நாட்டம் வேகமாகக் குறைகிறது. இன்னும் உண்ணாத சுவையின்மேல் உள்ள நாட்டம் அவ்வளவாகக் குறைவதில்லை. பார்பரா ரோல்ஸும் அவர் குழுவினரும் 1981இல் சோதனைகளில் காட்டியது இது. முதல் சில வாய்களில்தான் சுவை கூர்மையாகத் தெரிகிறது என்றால், ஒவ்வொரு பதார்த்தத்தையும் அந்தச் சில வாய்களோடு நிறுத்துவது கஞ்சத்தனம் ஆகாது.

விலை உயர்வானது என்பதில் ஐயம் இல்லை. சாதாரண மனிதர் அன்றாடம் போகக்கூடிய இடங்கள் அல்ல இவை. ஆனால் உயர்ந்த விலையை ஏமாற்று என்று சொல்வதற்கு, அந்த விலைக்கு ஈடாக ஒன்றும் தரப்படவில்லை என்று காட்ட வேண்டும். இருபது பேர் அமரும் கூடத்துக்கு ஏறக்குறைய அதே அளவு ஆட்கள் பின்னால் உழைப்பதும், ஒரு பதார்த்தத்துக்குப் பல நாள் முன்னேற்பாடு நடப்பதும் இத்துறையில் வழக்கம். எத்தனை பேர் வருகிறார்கள், என்ன உண்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிவதால் பொருள் வீணாவதும் குறைவு. கல்யாண மண்டபத்தின் எச்சில் இலைகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். பிரெஞ்சு, ஜப்பானிய உணவுக்கு இதே தொகையைக் கொடுப்பவர்கள் இந்திய உணவுக்குக் கொடுக்கும்போது மட்டும் கொள்ளை என்று உணர்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் கிருஷ்ணேந்து ரே, புலம்பெயர்ந்த மக்களின் உணவுக்குக் கிடைக்கும் விலை அம்மக்களின் சமூகத் தகுதியை ஒட்டியே ஏறி இறங்குகிறது என்று வாதிடுகிறார். ஜப்பான் செல்வ நாடானபோது அதன் உணவும் விலை ஏறியது. இந்திய உணவு மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, லண்டன் கறிக்கடைகளின் விலைப்பட்டியலிலிருந்து இந்தியர்களே வாங்கிக்கொண்ட தாழ்மதிப்பு.

வெளிநாட்டார் மெச்சுவதற்காகச் செய்யப்படுபவை என்ற ஐந்தாவது குற்றச்சாட்டு ஒரு காலத்தில் பொருந்தியிருக்கலாம். நியூயார்க்கில் ஃப்ளாய்ட் கார்டோஸ் சமைத்த தப்லா 1998இலேயே இந்திய மசாலாவை அமெரிக்க விளைபொருளோடு இணைத்தது. லண்டனில் வினீத் பாட்டியாவும் அதுல் கோச்சரும் 2001இல் மிச்செலின் நட்சத்திரம் பெற்றார்கள். அந்தத் தலைமுறை அயல்நாட்டு மேசைக்குச் சமைத்தது உண்மை. 2009 முதல் இந்தியாவில் வந்த உணவகங்கள் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூர் வாடிக்கையாளரை நம்பியே கடை திறந்தன. அதன் விளைவும் கண்கூடு. நட்சத்திர ஓட்டல்களில் இந்திய உணவு என்றால் பஞ்சாபி, முகலாய வகைகள் என்றிருந்த நிலையை மாற்றியதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. மாஸ்க் லடாக்கின் கடல் பக்தார்ன் பழத்தை மும்பைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் செஃப் பிரதீக் சாது 2023இல் கசௌலி மலையில் நார் என்ற உணவகத்தைத் தொடங்கி இமயப் பகுதிகளின் சமையலையே பொருளாக்கிக்கொண்டார். அவர்த்தனா தென்னாட்டுச் சுவைகளை மட்டுமே எடுத்துக்கொண்டு 13 சுற்று வரை விரிக்கிறது. அயலாரைத் திருப்திப்படுத்துவதே நோக்கமாக இருந்திருந்தால் எல்லா இடத்திலும் சிக்கன் டிக்கா மசாலா ஒன்றே போதும்.

இந்த மறுப்பு எதிர்த்தரப்பின் பெருமிதத்தை ஆதரிப்பதும் ஆகாது. ஃப்யூஷன் எனப்படும் இந்தக் கலப்பு மெனுக்கள் இந்திய உணவை உயர்த்திவிட்டன என்று விளம்பரங்களும் விமர்சனங்களும் சொல்வது, அதுவரை அது தாழ்ந்து கிடந்தது என்ற எண்ணத்தை உள்ளே வைத்திருக்கிறது. நியூயார்க்கின் செம்மா அதைப் பொய்யாக்குகிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த விஜய் குமார் அங்கே நத்தைப் பிரட்டலும் தோசையும் எந்தக் கலப்பும் நீண்ட வரிசையும் இல்லாமல் பரிமாறி, 2022இல் மிச்செலின் நட்சத்திரமும் 2025இல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் பெற்றார். ஊர்ச் சமையல் தன் காலில் நிற்கும் என்பதற்கு அது சான்று. கலப்புச் சமையலுக்கு இடம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இரண்டும் ஒரே நகரில், ஒரே வாடிக்கையாளரிடம் செல்லுபடியாகின்றன.

இம்மெனுக்களின் மேல் சொல்லத்தக்க உண்மையான குறைகள் வேறு. முதலாவது, சுவைக்குப் பயன்படாத வேடிக்கை. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை நொடியில் ஐஸ்கிரீம் உறையவைக்கப் பயன்படுத்தலாம். அப்போது பனித்துகள்கள் மிக நுண்ணியவையாகி வழவழப்பு கூடும். புகை காட்ட மட்டும் அதை ஊற்றுவது வீண், கவனம் பிசகினால் ஆபத்தும்கூட. நைட்ரஜன் புகையோடு பிஸ்கட் விற்பது சந்தைக் கடைகள் வரை பரவி, ஒரு சிறுவன் துடித்த காட்சி வெளியானபின், தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறை ஏப்ரல் 2024இல் எச்சரிக்கை விட நேர்ந்தது. இரண்டாவது, உழைப்பு. உலகின் மிகப் புகழ்பெற்ற டேஸ்டிங் மெனு உணவகங்களில் ஒன்றான கோபன்ஹேகனின் நோமா, பயிற்சியாளர்களுக்கு 2022இல்தான் ஊதியம் தரத் தொடங்கியது. மறு ஆண்டின் தொடக்கத்திலேயே இந்த வகை உணவகத்தை இப்படியே நடத்த முடியாது என்று அதன் தலைவர் அறிவித்தார். இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு அதன் கணக்கும் சேர்ந்தே வருகிறது.

மூன்றாவது குறை ஆழமானது. பாட்டியின் சமையல், அரண்மனைச் சமையல் என்று மெனுக்கள் சொல்லும் கதைகளில் எந்தப் பாட்டிகள் இடம்பெறுகிறார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மராத்வாடா தலித் மக்களின் உணவைப் பற்றி ஷாஹு பாடோளே 2015இல் மராத்தியில் எழுதிய நூலும், 2024இல் வந்த அதன் ஆங்கிலப் பதிப்பும், எண்ணெயும் நெய்யும் எட்டாத அடுப்புகளில் குடலும் ரத்தமும் உப்புக்கண்டமும் எப்படிச் சமையலாயின என்று பதிவு செய்கின்றன. அந்த உணவுகள் இந்த வரிசைகளில் காணக்கிடைப்பது அரிது. ஆனால் இக்குறையை மரபுவாதி சுட்டிக்காட்ட முடியாது. அவர் காக்க விரும்பும் தூய மரபின் பட்டியலிலும் அந்த அடுப்புகளுக்கு இடம் தரப்படவில்லை. விலக்கி வைப்பதே தூய்மை என்று அங்கே வரையறுக்கப்பட்டிருந்தது.

ஆகவே ஒரு ஃப்யூஷன் மெனுவை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கையாண்ட நுட்பம் பண்டத்தின் சுவையிலோ பதத்திலோ ஏதாவது கூட்டியதா? ஒரு சுற்று அடுத்த சுற்றுக்கு நாக்கைத் தயார் செய்கிறதா, அல்லது சுற்றுகள் எண்ணிக்கைக்காக நீள்கின்றனவா? பண்டம் எந்த ஊர், எந்த மக்களிடமிருந்து வந்தது என்று நேர்மையாகச் சொல்லப்படுகிறதா? சமைப்பவர்களுக்கு உரிய ஊதியம் கிடைக்கிறதா? இவற்றில் தேறாத மெனுவைத் தாராளமாகக் கண்டிக்கலாம். அதே கேள்விகளைத் தாலிக்கும் பந்திக்கும் கறிக்கடைக்கும் கேட்கலாம். பண்டத்தின் பிறப்புத் தூயதா என்பது இந்தப் பட்டியலில் சேராது; அந்தச் சோதனையை வைத்தால் மசாலா தோசையும் தேறாது.